தொலைதூர நகரங்களுக்கு இடையே விமான தூரமும் பயண நேரமும்: கணக்கிடும் முறை, படிப்படியாக

இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு விமானத்தில் எவ்வளவு என்று கேட்டால் மூன்று விதமான பதில்கள் வரும். ஒன்று கிலோமீட்டர் கணக்கு. இன்னொன்று விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம். மூன்றாவது, கிளம்பும் ஊர்க் கடிகாரத்துக்கும் இறங்கும் ஊர்க் கடிகாரத்துக்கும் நடுவே தெரியும் நேரம். புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் கணிதத்தில் தடுமாறுவது குறைவு. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன. ஆகவே வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் தூரம், அப்புறம் பறக்கும் நேரம், அதன் பிறகுதான் கடிகாரம்.

விளக்கத்துக்கு சிட்னி – லாஸ் ஏஞ்சலஸ் பாதையை எடுத்துக்கொள்கிறேன். ஒரு நகரம் தெற்கில், மற்றது வடக்கில். ஒன்று கிழக்குத் தீர்க்கரேகையில், மற்றது மேற்கில். நடுவில் பன்னாட்டுத் தேதிக் கோடு வேறு. தப்பு நடக்கக்கூடிய எல்லா இடங்களும் இந்த ஒரே பாதையில் இருக்கின்றன. இதைச் சரியாகப் போட்டுவிட்டால் வேறு எந்தப் பாதையையும் போட்டுவிடலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை. சைன், கொசைன் உள்ள ஒரு கால்குலேட்டர் அல்லது எக்செல் மாதிரி ஒரு விரிதாள். பயணத் தேதி. அந்தத் தேதியில் இரண்டு ஊர்களும் உலகப் பொது நேரத்திலிருந்து, அதாவது யூ.டி.சி.யிலிருந்து, எத்தனை மணி தள்ளி இருக்கின்றன என்ற விவரம். முடிந்தால் ஒரு பூகோள உருண்டையும் ஒரு நூலும்.

தேதி எதற்கு என்று பலரும் கேட்பார்கள். எட்டாம் படிக்கு வரும்போது தெரியும்: தேதி இல்லாமல் போட்ட கணக்கு இரண்டு மணி நேரம் வரை தப்பாகலாம்.

1. நகரத்தை விட்டுவிட்டு விமான நிலையத்தைப் பிடியுங்கள்

நகரத்தின் பெயரை மட்டும் வைத்துத் தொடங்கினால் முதல் அடியிலேயே வழுக்கும். டோக்கியோவில் நரிதா, ஹனேடா என்று இரண்டு. ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தரைவழியே போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லண்டனில் ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட் என்று நீளும். பல ஆயிரம் கிலோமீட்டர் பாதையில் இதனால் தூரம் பெரிதாக மாறாது. ஆனால் ஒரு விமானத்திலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும் திட்டத்தை இது குலைத்துவிடும்.

அதைவிட மோசம், ஒரே பெயரில் இருக்கும் ஊர்கள். சிட்னி என்ற ஊர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் உண்டு. சான் ஹோசே கலிபோர்னியாவிலும் இருக்கிறது, கோஸ்டா ரிக்காவிலும் இருக்கிறது. மெல்போர்ன் புளோரிடாவில் ஒன்று. அதனால் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீட்டை எழுதி வைத்துக்கொண்டே அடுத்த படிக்குப் போங்கள். நம் எடுத்துக்காட்டில் எஸ்.ஒய்.டி., எல்.ஏ.எக்ஸ். இந்தக் குறியீடு இரண்டு ஊர்களுக்குப் பொதுவாக இருக்காது.

2. ஆயத்தொலைவுகளைக் குறியோடு எழுதுங்கள்

வடக்கு, கிழக்கு என்றால் கூட்டல் குறி. தெற்கு, மேற்கு என்றால் கழித்தல் குறி.

சிட்னி: அட்சரேகை −33.946, தீர்க்கரேகை +151.177.
லாஸ் ஏஞ்சலஸ்: அட்சரேகை +33.943, தீர்க்கரேகை −118.408.

இந்தச் சின்னக் கோடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சிட்னியின் கழித்தல் குறியை விட்டுவிட்டால் விடை சுமார் 8,020 கி.மீ. என்று வரும். லாஸ் ஏஞ்சலஸின் தீர்க்கரேகைக் குறியை விட்டால் சுமார் 8,290 கி.மீ. உண்மையில் அது 12,000 கி.மீ.யைத் தாண்டும். தப்பான விடைகள் இரண்டுமே பார்க்க நியாயமாகத் தெரிகின்றன என்பதுதான் ஆபத்து. கால்குலேட்டர் எச்சரிக்காது.

இன்னொன்று, பாகை–கலை (டிகிரி–நிமிடம்) முறையில் எழுதிய எண்களை அப்படியே தசமமாக வாசிக்கக் கூடாது. 33 பாகை 56 கலை என்பது 33.56 ஆகாது. 56-ஐ 60-ஆல் வகுத்து 33.93 என்று எழுத வேண்டும்.

3. பெருவட்டத் தூரத்தைக் கணக்கிடுங்கள்

உருண்டையான பூமியில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு வில். இதைப் பெருவட்டப் பாதை என்கிறார்கள். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பது உதவாது. துருவங்களை நோக்கிப் போகப் போக அந்த வரைபடம் நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிவிடுகிறது. டோக்கியோவிலிருந்து நியூயார்க்குக்கு வரைபடத்தில் கோடு போட்டால் பசிபிக்கின் நடுவே கிழக்கே போகும். உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் அது அலாஸ்கா பக்கமாக மேலேறி இறங்கும். நூல் சொல்வதே சரி.

கணக்கு இப்படி:

முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். நம் கணக்கில் −0.3118.

அடுத்து தீர்க்கரேகைகளின் வித்தியாசம். 151.177-லிருந்து −118.408-ஐக் கழித்தால் 269.585. இது 180-ஐத் தாண்டிவிட்டதால் 360-லிருந்து கழியுங்கள்: 90.415. பூமியை எந்தப் பக்கமாகச் சுற்றுவது கிட்டம் என்பதை இந்தக் கழித்தல் காட்டுகிறது. கொசைனுக்கு இரண்டு எண்ணும் ஒரே விடையைத்தான் தரும். ஆனாலும் சின்ன எண்ணை எழுதிப் பழகினால் பாதை எந்தத் திசையில் போகிறது என்பது மனதில் நிற்கும்.

பிறகு இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும் அந்த வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள்: −0.0050.

இரண்டையும் கூட்டினால் −0.3168. இதன் நேர்மாறு கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) 108.47 பாகை. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்பதால் ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. பெருக்கினால் சுமார் 12,060 கி.மீ.

பூமி கச்சிதமான உருண்டை இல்லை. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. இந்தத் தட்டையையும் சேர்த்துக் கணக்கிடும் கருவிகள் சிட்னி – லாஸ் ஏஞ்சலஸ் தூரத்தை 12,050 கி.மீ.யை ஒட்டிச் சொல்லும். பத்து கிலோமீட்டர் வித்தியாசம் என்பது விமானத்துக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நேரம் கணக்கிடுபவர் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை.

விரிதாளில் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே சைன், கொசைன் எல்லாம் ரேடியனை, அதாவது கோணத்தை அளக்கும் இன்னொரு அலகை, எதிர்பார்க்கும். பாகையை அப்படியே கொடுத்தால் பொருளில்லாத விடை வரும். முதலில் பாகையை ரேடியனாக மாற்றுங்கள். கடைசியில் வரும் கோணமும் ரேடியனில் இருக்கும், அதை நேரே 6,371-ஆல் பெருக்கினால் போதும்.

4. எந்த மைல் என்று பாருங்கள்

இந்தப் படி சின்னது, ஆனால் தாண்டிப் போகக் கூடாது. விமானத் துறை கடல் மைலில் பேசும். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. சாலை மைல் 1.609 கி.மீ. இரண்டுக்கும் 15 சதவீத வித்தியாசம். சிட்னி – லாஸ் ஏஞ்சலஸ் சுமார் 6,510 கடல் மைல், சாலை மைலில் ஏறக்குறைய 7,490. வெறும் மைல் என்று எழுதியிருக்கும் எண்ணை நம்பி வகுத்தால் நேரத்தில் இரண்டு மணி நேரம் தவறலாம். வேகத்துக்கும் இதேதான்: ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்.

5. விமானம் போகும் உண்மைப் பாதையைச் சேருங்கள்

பெருவட்டத் தூரம் என்பது குறைந்தபட்சம். அதில் பிசகாமல் எந்த விமானமும் பறப்பதில்லை. புறப்படும் ஓடுபாதையின் திசை, புயல் மேகங்கள், மூடிய வான்பகுதிகள், காற்று, இரட்டை எஞ்சின் விமானம் அவசரத்துக்கு இறங்க ஒரு நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகலாம் என்ற விதி, இவை எல்லாம் பாதையை வளைக்கின்றன. தடையில்லாத பெருங்கடல் பாதைக்கு நான் 2 சதவீதம் சேர்ப்பேன். நெரிசலான வான்பகுதிகள் வழியே போகும் பாதைக்கு 4, 5 வரை. நம் கணக்குக்கு 12,050-ஐ 1.02-ஆல் பெருக்கினால் 12,290 கி.மீ.

வான்பகுதி மூடியிருந்தால் சதவீதம் சேர்ப்பது எடுபடாது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி பல நாட்டு விமானங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சிங்கி – டோக்கியோ பாதை அதற்கு முன் சுமார் ஒன்பதரை மணி நேரம். வட துருவத்தின் பக்கமாகவோ தெற்கே வளைந்தோ சுற்றிப் போக வேண்டி வந்ததும் அது 13 மணி நேரத்தைத் தொட்டது. இரண்டு ஊர்களும் நகரவில்லை, தூரக் கணக்கும் மாறவில்லை. பழைய தகவலைப் பார்த்து நேரம் சொல்பவர்கள் தவறுவது இங்கேதான். இப்படிப்பட்ட பாதைகளில் விமானம் சுற்றிப் போகும் இடத்தில் ஒரு புள்ளியை வைத்து, அதுவரை ஒரு பெருவட்டம், அதிலிருந்து இன்னொரு பெருவட்டம் என இரண்டாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள்.

6. வேகமும் காற்றும்

நீண்ட தூர விமானங்களான போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை ஒலியின் வேகத்தில் 0.85 மடங்கில் பறக்கின்றன. ஏ320, 737 வகைகள் 0.78-ஐ ஒட்டி. இவை பறக்கும் உயரத்தில் வெப்பநிலை −56 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதால் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கி.மீ. ஆகவே பெரிய விமானத்துக்கு 900, சின்னதுக்கு 830 என்று வைத்துக்கொள்ளலாம்.

இது காற்றைப் பொறுத்த வேகம். தரையைப் பொறுத்த வேகம் வேண்டுமென்றால் காற்றையும் சேர்க்க வேண்டும். இரு அரைக்கோளங்களின் நடுப் பகுதிகளிலும் உயரத்தில் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. கிழக்கே போனால் அது பின்காற்று, மேற்கே திரும்பினால் எதிர்க்காற்று. குளிர்காலத்தில் இது வலுக்கும். 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் போன ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் பலமான பின்காற்றால் 4 மணி 56 நிமிடத்தில் இறங்கியது. வழக்கமாக அந்தத் திசையில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சிட்னி – லாஸ் ஏஞ்சலஸ் பாதையில் சராசரியாக மணிக்கு 60 கி.மீ. காற்று என்று கொள்வோம். கிழக்கே போகும்போது தரை வேகம் 960. 12,290-ஐ வகுத்தால் 12 மணி 48 நிமிடம். மேற்கே திரும்பும்போது தரை வேகம் 840, நேரம் 14 மணி 38 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 13 மணி 39 நிமிடம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பின்காற்றால் கிடைத்த லாபம் 51 நிமிடம், எதிர்க்காற்றால் வந்த நஷ்டம் 59 நிமிடம். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் பறக்கிறது, அதனால் அந்தக் காற்றை அதிக நேரம் தாங்குகிறது. போகவர இரண்டையும் சராசரி எடுத்தால் காற்று கழிந்துவிடும் என்று நினைப்பது அதனால்தான் சரிவராது. போகும் திசைக்குத் தனியாக, வரும் திசைக்குத் தனியாகக் கணக்கிடுங்கள்.

7. கேட்டிலிருந்து கேட் வரை

பயணச்சீட்டில் போட்டிருக்கும் நேரம் சக்கரம் தரையை விட்ட நேரமோ தொட்ட நேரமோ இல்லை. கேட்டிலிருந்து, அதாவது பயணிகள் ஏறும் வாயிலிலிருந்து, விமானம் பின்னால் தள்ளப்படும் நொடியிலிருந்து, போய்ச் சேரும் கேட்டில் நிற்கும் வரை. நடுவில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மெதுவாக மேலேறுவது, இறங்குவது எல்லாம் உண்டு. பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் என்ற வேகக் கட்டுப்பாடும் உண்டு. இவற்றுக்காக மொத்தம் 40 நிமிடம் சேருங்கள். பெரிய, நெரிசலான நிலையம் என்றால் ஒரு மணி நேரம்.

அப்படியானால் சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் ஏறக்குறைய 13 மணி 30 நிமிடம். திரும்பி வர 15 மணி 20 நிமிடம்.

இவ்வளவும் செய்ய நேரமில்லாதவர்களுக்கு ஒரு குத்துமதிப்புக் கணக்கு: பெருவட்ட கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். சிங்கப்பூர் – நியூயார்க் சுமார் 15,340 கி.மீ.; இந்தக் கணக்கில் பதினெட்டரை மணி. அட்டவணை நேரமும் இதை ஒட்டித்தான் வரும். திசையை இது பார்க்காது என்பதை மறக்காதீர்கள்.

8. கடைசியாகக் கடிகாரம்

இந்தப் படியில் ஒரே விதி: உள்ளூர் நேரத்தோடு உள்ளூர் நேரத்தைக் கழிக்காதீர்கள். புறப்படும் நேரத்தை யூ.டி.சி.க்கு மாற்றுங்கள், பறக்கும் நேரத்தைக் கூட்டுங்கள், பிறகு சேரும் ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள். தேதியை ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள்.

ஜூன் 10, சிட்னியில் காலை 10:00 மணிக்குப் புறப்பாடு. அப்போது சிட்னி யூ.டி.சி.க்கு 10 மணி முன்னால். ஆக யூ.டி.சி. ஜூன் 10, 00:00. 13 மணி 30 நிமிடம் கூட்டினால் ஜூன் 10, 13:30. லாஸ் ஏஞ்சலஸ் அப்போது 7 மணி பின்னால். அங்கே ஜூன் 10, காலை 6:30. கிளம்பியதற்கு மூன்றரை மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்ததாகக் கடிகாரம் சொல்லும். நேரடியாகக் கழித்துப் பார்ப்பவர்கள் இங்கே குழம்பி ஒரு நாளைக் கூட்டிவிடுகிறார்கள். கூட்ட வேண்டாம், விடை சரிதான்.

திரும்பும்போது ஜூன் 10 இரவு 10:30-க்கு லாஸ் ஏஞ்சலஸில் கிளம்பினால் யூ.டி.சி. ஜூன் 11, 05:30. 15 மணி 20 நிமிடம் சேர்த்தால் ஜூன் 11, 20:50. சிட்னியில் ஜூன் 12 காலை 6:50. பயணச்சீட்டில் நேரத்தின் பக்கத்தில் +2 என்று நிற்பது இதைத்தான் காட்டுகிறது. ஹோட்டல் அறையை 11-ஆம் தேதிக்குப் போட்டுவிட்டு 12-ஆம் தேதி வந்து நிற்பவர்கள் உண்டு.

இப்போது தேதியின் விஷயம். ஜூனில் இந்த இரண்டு ஊர்களுக்கும் 17 மணி நேர வித்தியாசம். டிசம்பரில் 19. ஏனென்றால் சிட்னியில் கோடைநேரம், அதாவது கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கும் காலம், அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை. லாஸ் ஏஞ்சலஸில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும் சில வாரங்களில் 18. ஐரோப்பாவிலோ மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. அதனால் லண்டன் – நியூயார்க் வித்தியாசம் வழக்கமாக 5 மணி என்றாலும் மார்ச் நடுவில் இரண்டு மூன்று வாரம் 4 ஆகிவிடும். அரை மணி, முக்கால் மணி விலகல் உள்ள இடங்களும் உண்டு: இந்தியா +5:30, நேபாளம் +5:45. முழு மணிக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

9. நேரடி விமானம் இல்லையென்றால்

நடுவில் எந்த ஊரில் மாறுவது என்பதைத் தூரம் வைத்தே முடிவு செய்யலாம். இரண்டு துண்டுகளையும் கூட்டி, நேரடிப் பெருவட்டத் தூரத்தோடு ஒப்பிடுங்கள். சிட்னி – லண்டன் நேரடித் தூரம் சுமார் 17,020 கி.மீ. சிங்கப்பூர் வழியாக 6,300-ம் 10,890-ம் சேர்ந்து 17,190. ஒரு சதவீதம்தான் கூடுதல். லாஸ் ஏஞ்சலஸ் வழியாக 12,050-ம் 8,780-ம் சேர்ந்து 20,830, அதாவது 22 சதவீதம் கூடுதல். வரைபடத்தில் பார்க்கும்போது இந்த வித்தியாசம் உறைக்காது.

ஒவ்வொரு துண்டுக்கும் படி 5 முதல் 8 வரை தனித்தனியாகச் செய்யுங்கள். நடுவில் காத்திருக்கும் நேரத்தை அந்த ஊரின் கடிகாரத்திலேயே கழித்துவிடலாம், அங்கே நேர மண்டலம் மாறாது.

காத்திருப்பு எவ்வளவு வேண்டும் என்பதில் எனக்கு ஒரு உறுதியான கருத்து இருக்கிறது. ஒரே பயணச்சீட்டில் இரண்டு விமானமும் இருந்தால் நிறுவனம் அனுமதிக்கும் குறைந்தபட்ச நேரத்துக்கு மேல் ஒரு மணி போதும், தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. தனித்தனிச் சீட்டு என்றால் நான்கு மணிக்குக் குறையாமல் வையுங்கள். பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது சீட்டின் பணம் போய்விடும். அமெரிக்காவில் மாறுபவர்கள் ஒரே சீட்டாக இருந்தாலும் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். முதலில் இறங்கும் அமெரிக்க நிலையத்திலேயே பொதுவாகக் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும்.

10. விடையைச் சோதியுங்கள்

தூரம் 20,020 கி.மீ.யைத் தாண்டினால் கணக்கு நிச்சயம் தப்பு. பூமியில் எந்த இரண்டு இடங்களும் பாதிச் சுற்றளவைவிடத் தள்ளி இருக்க முடியாது. மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய்க் கோணத்தையும் பெருக்கலையும் பாருங்கள்.

தூரத்தைக் கேட்–கேட் நேரத்தால் வகுத்துப் பாருங்கள். நீண்ட பாதையில் மணிக்கு 750-க்கும் 950-க்கும் நடுவே விழ வேண்டும். 500 என்று வந்தால் நடுவில் நிறுத்தம் இருக்கிறது, அல்லது நேர மண்டலம் தப்பாகக் கலந்திருக்கிறது. 1,200 வந்தால் பெரும்பாலும் கடிகார வித்தியாசத்தையே பயண நேரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கடைசியாக, உண்மையான அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அரை மணி வரை விலகல் இருந்தால் கவலையில்லை. நிறுவனங்கள் தாமதத்துக்காகச் சற்று நேரம் சேர்த்தே அட்டவணை போடுகின்றன, குளிர்காலத்துக்கும் கோடைக்கும் வேறு வேறு நேரம் வைக்கின்றன. ஒரு மணிக்கு மேல் விலகினால் முதலில் பாதையைச் சந்தேகியுங்கள்: விமானம் எந்த வான்பகுதியைச் சுற்றிப் போகிறது என்பதை நேரலை விமான வரைபடத்தில் அதே எண்ணுள்ள விமானத்தின் முந்தைய நாள் பாதையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அந்தப் பாதையின் வளைவுகளில் புள்ளிகளை வைத்து ஐந்தாம் படியிலிருந்து மறுபடி போடுங்கள்.